டன்னுக்கு இரண்டு பவுன்

எங்கள் வீட்டுத் தெருக்கதவுக்கு ஒரு கல்தான் முட்டு. உரித்த தேங்காய் அளவு இருக்கும். தூக்கிப் பார்த்தால் கை இழுக்கும். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் அழுக்கு வெள்ளை, நடுவில் மஞ்சளும் வெள்ளியுமாகப் புள்ளிகள். சாயங்காலம் நாலு மணி வெயில் திண்ணை தாண்டி உள்ளே விழும்போது அந்தப் புள்ளிகள் மின்னும். வீட்டில் அதற்கு 'கோலார் கல்' என்று பெயர். தாத்தாவின் அண்ணன் கோலார் தங்கவயலில் பதினாலு வருஷம் சுரங்க வேலை பார்த்துவிட்டு, கீழ்பென்னாத்தூருக்குத் திரும்பும்போது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தது. அவரையே நாங்கள் கோலார் தாத்தா என்றுதான் சொல்வோம். நான் அவரைப் பார்த்ததில்லை.

கல்லுக்குள் தங்கம் இருக்கிறது என்பது வீட்டு நம்பிக்கை. சோதித்துப் பார்த்தால் நம்பிக்கை போய்விடும் என்பதாலோ என்னவோ, மூன்று தலைமுறையாக யாரும் சோதிக்கவில்லை. அத்தை கல்யாணத்துக்குப் பணம் புரளாதபோது, "அந்தக் கல்ல ஆசாரிகிட்ட குடுத்து உருக்கிப் பார்த்தா என்னா?" என்று பாட்டி கேட்டாளாம். கடைசியில் கழனியைத்தான் அடமானம் வைத்தார்கள்.

போன ஆடியில் அந்தக் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். திருவண்ணாமலை நண்பர் ஒருவரின் தாய்மாமன் தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்து, சுரங்கக் கம்பெனியின் அசே ஆபீஸில் வேலை பார்த்தவர். அசே ஆபீஸ் என்றால் கல்லில் எவ்வளவு தங்கம் என்று எடை போட்டுச் சொல்லும் இடம். "கல்லை எடுத்துக்கிட்டு வரச் சொல்லு, பார்த்துடலாம்" என்று அவர் சொல்லியிருந்தார்.

எங்கள் ஊர் புதுச்சேரி - கிருஷ்ணகிரி சாலையில் இருக்கிறது. கிழக்கே போனால் செஞ்சி, திண்டிவனம். மேற்கே அண்ணாமலையார். எங்களுடைய போக்குவரத்தெல்லாம் இந்த எல்லைக்குள் முடிந்துவிடும். அதே சாலை மலையைச் சுற்றிக்கொண்டு செங்கம், ஊத்தங்கரை என்று மேற்கே நீண்டு கிருஷ்ணகிரியில் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து குப்பம், அதைத் தாண்டித் தங்கவயல். ஒரே நாளில் மூன்று மாநில மண்ணை மிதிக்கலாம். (எங்கள் ஊர்ப் பெயரைப் 'பொன்னாத்தூர்' என்று தவறாக அச்சிட்ட ஒரு கல்யாணப் பத்திரிகை இன்னும் என்னிடம் இருக்கிறது. பொன்னுக்கும் எங்களுக்கும் இருந்த நெருக்கம் அந்த அச்சுப்பிழை அளவுதான்.)

திருவண்ணாமலையில் உடனே பஸ் மாறவில்லை. ஊருக்கு மேற்கே கவுத்தி மலை, வேடியப்பன் மலை என்று இரண்டு மலைகள் உண்டு. கிரிவலம் வருகிறவர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு அங்கே ஒரு சின்ன வேலை இருந்தது. பழைய ரேடியோ ஸ்பீக்கரைப் பிரித்து எடுத்த வட்டக் காந்தம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அடிவாரத்தில் ஒரு வறண்ட ஓடை. பட்டை பட்டையாகக் கறுப்பும் சாம்பலும் மாறி மாறி ஓடும் ஒரு கல்லின்மேல் காந்தத்தை வைத்தேன். டக்கென்று ஒட்டிக்கொண்டது. காந்தத்தைத் தூக்கினால் எலுமிச்சை அளவுக் கல்லும் கூடவே எழும்பியது. கறுப்புப் பட்டை மாக்னடைட் என்னும் இரும்புத் தாது. சாம்பல் பட்டை குவார்ட்ஸ், நம் பேச்சில் வெங்கச்சங்கல். சேலத்துக் கஞ்சமலையும் இதே வகைக் கல்தான். 1830களில் ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் உலை வைத்து இரும்பு காய்ச்சியபோது சேலத்துத் தாதுதான் அங்கே போனது.

கவுத்தி மலையில் சுரங்கம் இல்லை. வர இருந்தது. 2000களில் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் ஜிண்டால் எஃகு நிறுவனமும் சேர்ந்து டிம்கோ என்ற கூட்டு நிறுவனமாக இந்த மலைகளையும் கஞ்சமலையையும் கேட்டன. இங்கே கேட்டது காப்புக்காட்டில் 325 ஹெக்டேர். இந்தத் தாதுவில் இரும்பு பாதிகூட இல்லை. மலையை உடைத்து, மாவாக அரைத்து, காந்தத்தால் பிரித்தால்தான் இரும்பு. மிச்சமெல்லாம் சக்கை. அடிவாரத்து ஊர்க்காரர்கள் அந்தச் சக்கை எங்கே போகும், ஓடைத் தண்ணீர் என்ன ஆகும் என்று கேட்டார்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கத்தினார்கள், ஊர்வலம் போனார்கள். மலை அப்படியே நிற்கிறது. கல்லைக் காந்தத்திலிருந்து பிய்த்து ஓடையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

வேடியப்பன் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கம், தருமபுரிப் பக்கம் நடுகற்களுக்குத்தான் வேடியப்பன் என்று பெயர் சொல்லிக் கும்பிடுகிறார்கள். மாடு மீட்கப் போய்ச் செத்தவன், ஊரைக் காக்க நின்று செத்தவன், அவனுக்குக் கல் நட்டு, அந்தக் கல்லுக்குப் பொங்கல் வைப்பது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து எழுத்தோடு இப்படிப்பட்ட கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கல்லுக்குள் மனிதனைப் பார்ப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கல்லுக்குள் காசைப் பார்ப்பது பிற்பாடு வந்தது.

செங்கத்துக்கு அப்புறம் தூங்கிவிட்டேன். ஊத்தங்கரையில் ஒரு டீ. கிருஷ்ணகிரியில் பஸ் மாறிக் குப்பம் போகும்போதுதான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காரணம், இந்த வட்டாரத்தில்தான் தங்கப் பாறை தொடங்குகிறது. கோலார் ஷிஸ்ட் பட்டை என்று நிலவியலாளர்கள் சொல்லும் கறும்பச்சைப் பாறை, தெற்கு வடக்காகச் சுமார் 80 கிலோமீட்டர் ஓடுகிறது. அகலம் மிஞ்சிப் போனால் ஆறு கிலோமீட்டர். அதன் தென்வால் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் இருக்கிறது, நடு உடம்பு ஆந்திரத்தின் குப்பம் பக்கம், தலை கர்நாடகத்தில். குப்பம் வட்டாரத்தின் சிகரகுண்டா, பிசாநத்தம் ஆகிய இடங்களிலும் சுரங்கம் இருந்தது. பாறைக்கு மாநில எல்லை தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். தங்கம் மட்டும் கர்நாடகப் பக்கத்தில்தான் கொட்டிக் கிடந்தது.

அந்தக் கறும்பச்சைப் பாறை சுமார் 270 கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியில் கொட்டிய எரிமலைக் குழம்பு. பிறகு பூமி நெரிந்ததில் அது செங்குத்தாக நிமிர்ந்து, விரிசல் விட்டது. விரிசல்களில் ஆழத்திலிருந்து கொதிநீர் ஏறியது. அதில் கரைந்திருந்த சிலிக்காவும் கந்தகமும் துளித் துளியாகத் தங்கமும், சூடு தணியத் தணிய விரிசல் சுவரில் படிந்தன. வடித்த கஞ்சி பானையின் பக்கத்தில் ஆடை கட்டுவதுபோல. அப்படிப் படிந்த குவார்ட்ஸ் நரம்புகளில் பெரியதுதான் சாம்பியன் ரீஃப். பெயர்தான் பெரிது, அகலம் சராசரியாக ஒரு மீட்டர் சொச்சம். அந்த ஒரு மீட்டரைத் துரத்திக்கொண்டு மனிதன் மூன்று கிலோமீட்டருக்கு மேல் கீழே இறங்கினான்.

தங்கவயலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. ஆடிக் காற்று எங்கள் ஊரிலும் அடிக்கும், அம்மியை நகர்த்தும். இந்தக் காற்றில் வேறு ஏதோ இருந்தது. கண் இமையில் மாவு. தெருவில் போகும் பெண்கள் முந்தானையை மூக்குக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் வீடுகளுக்குப் பின்னால் வெளிர் மஞ்சளும் சாம்பலுமாக, உச்சி தட்டையான மேடுகள். மழை கீறிய பள்ளங்கள் அவற்றின் உடம்பெல்லாம். சினிமாவில் பார்த்திருப்பீர்கள், சண்டைக் காட்சிக்குப் பொருத்தமான இடம். ஊர்க்காரர்கள் 'சைனைடு மேடு' என்கிறார்கள். மேட்டின் விளிம்பிலிருந்து ஒரு வெள்ளைப் படலம் பிரிந்து பிரிந்து ஊருக்குள் வந்துகொண்டிருந்தது.

பெரியவர் பழைய லைன் வீட்டில் இருக்கிறார். ஒரே சுவரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள், முன்னால் தகரம் இறக்கிய தாழ்வாரம். எழுபதைத் தாண்டியவர், நரைத்த மீசையை ஒழுங்காகக் கத்தரித்திருந்தார். பேச்சில் வட ஆற்காட்டுத் தமிழ், நடுவில் கன்னடம், கம்பெனி இங்கிலீஷ். "பென்னாத்தூரா? எங்க பாட்டனாரு போளூர் பக்கம் தம்பி. இங்க இருக்கறவங்கள்ள பாதிப் பேரு அந்தப் பக்கந்தான்" என்றார். அது மிகையில்லை. வட ஆற்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்தான் சுரங்கத்தின் கீழே இறங்கினார்கள். பெரும்பாலோர் ஆதிதிராவிடர்கள், நிலமில்லாதவர்கள். பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் முப்பதாயிரம் பேர். முதலில் அவர்களுக்குக் கிடைத்தவை மூங்கில் தட்டியில் கட்டிய குடிசைகள். மேட்டில் துரைமாருக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். குட்டி இங்கிலாந்து என்று இந்த ஊரைச் செல்லமாகச் சொல்வார்கள். தட்டிக் குடிசையில் இருந்தவர்கள் யாரும் அந்தப் பெயரை வைத்திருக்க முடியாது.

கல்லைப் பையிலிருந்து எடுக்கப் போனேன். "இருங்க, மொதல்ல ஊரைப் பாத்துட்டு வரலாம். கல்லு எங்க போகப் போவுது" என்று எழுந்துவிட்டார்.

மாரிக்குப்பம் பக்கம் நடந்தோம். சுரங்க நிலம் வேலி போட்டு அடைத்திருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். தூரத்தில் ஷாஃப்டின் இரும்புக் கோபுரம், உச்சியில் இரண்டு சக்கரம், துருவேறி அசையாமல். கதை இந்த மாரிக்குப்பத்தில்தான் தொடங்கியது என்றார் பெரியவர். 1799ல் திப்பு விழுந்தபின் மைசூர் எல்லையை அளக்க வந்த லெஃப்டினன்ட் ஜான் வாரன், 1802ல் இந்தப் பக்கம் மண்ணில் தங்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டு, காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்து ஆட்கள் வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே தண்ணீரில் அலசினார்கள். அடியில் பொடி நின்றது. மாரிக்குப்பத்து மக்கள் கிணறுபோல் தோண்டிய குழிகளில் இறங்கிக் கல் உடைத்ததையும் வாரன் பார்த்து எழுதிவைத்தார். அவர்களும் முதல் ஆட்கள் இல்லை. பிற்காலத்தில் சாம்பியன் ரீஃபில் ஆழத்தில் அகப்பட்ட பழைய மரத்துண்டுகளைக் கார்பன் முறையில் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 1,500 வருஷம் என்று வந்தது. பாறையில் தீ மூட்டிச் சுட வைத்து, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, கூடையில் சுமந்தவர்கள். அவர்களுக்குப் பெயர் கிடையாது, கல்லும் நடவில்லை.

வாரனின் குறிப்பு எழுபது வருஷம் தூங்கியது. நியூசிலாந்தில் மாவோரிப் போரில் சண்டை போட்டுவிட்டுப் பெங்களூரில் வந்து உட்கார்ந்திருந்த அயர்லாந்துச் சிப்பாய் மைக்கேல் லவெல் அதைப் படித்தார். 1873ல் மைசூர் அரசுக்கு மனுப் போட்டார். 1875ல் குத்தகை கிடைத்தது, தோண்டினார், கையில் காசு தீர்ந்தது, உரிமையை விற்றார். பிறகு லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பங்கு விற்றார்கள். 1880ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தை எடுத்தது. முதல் சில வருஷம் கிடைத்ததெல்லாம் நஷ்டம். மூடிவிடலாம் என்று பங்குதாரர்கள் சொன்ன நேரத்தில் கேப்டன் பிளம்மர் என்பவர் ஒரு காரியம் செய்தார். பழைய ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளைத் தேடி, அவற்றுக்கு அடியில் இறங்கினார். சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. எனக்கு இந்த இடம் பிடித்தது. லண்டன் பணம், இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கக்காரர்களின் அனுபவம், நீராவி எஞ்சின் எல்லாம் வந்து கடைசியில் கைகொடுத்தது, பெயர் தெரியாத நம் ஊர்க்காரன் விட்டுப்போன குழி.

அப்புறம் வேகம். மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க், பாலகாட் என்று ஐந்து சுரங்கங்கள். 1894ல் பங்காருப்பேட்டையிலிருந்து ரயில். 1902 ஜூனில் சிவசமுத்திரத்து அருவியில் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் இங்கே வந்தது. பெங்களூர் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். 1905ல் ஒரே வருஷத்தில் 19 டன் தங்கம் எடுத்தார்கள். அதுதான் உச்சம். அதன் பிறகு அந்த அளவு வரவேயில்லை.

இனி பெரியவரின் கணக்கு. கிராம் கணக்கு எனக்கு ஏறவில்லை என்று தெரிந்துகொண்டு பவுனில் சொன்னார். எட்டு கிராம் ஒரு பவுன். தொடக்கக் காலத்தில் ஒரு டன் கல்லை அரைத்தால் 47 கிராம், ஆறு பவுனுக்கு ஒரு இழை குறைவு. 120 வருஷத்தில் மொத்தம் சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் கல் அரைத்து 800 டன் தங்கம். சராசரி பார்த்தால் டன்னுக்கு இரண்டு பவுன். மூடுகிற காலத்தில் அரைப் பவுனுக்கும் கீழே போய்விட்டது. "ஒரு டன்னுன்னா ஒரு மாட்டு வண்டி லோடு. அத்தனையும் மூணு கிலோமீட்டர் கீழருந்து தூக்கியாரணும். வர்றது ஒரு மூக்குத்தி."

அந்த மூக்குத்தியை அளந்ததுதான் அவர் வேலை. கல்லை மாவாக்கி, ஈய ஆக்சைடும் சோடாவும் சேர்த்து, களிமண் குவளையில் போட்டு உலையில் வைப்பது. உருகும்போது ஈயம் தங்கத்தையெல்லாம் பொறுக்கிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். அந்த ஈயக் குண்டை எலும்புச் சாம்பலால் செய்த சின்னக் கிண்ணத்தில் வைத்து மறுபடி சூடு. ஈயத்தைச் சாம்பல் குடித்துவிடும். "கடைசியில ஒரு கண் சிமிட்டும் தம்பி. ஈயம் முழுசா போற நேரத்துல பளிச்சுனு ஒரு மின்னு. அப்பறம் பாத்தா கடுகுல கால்வாசி ஒரு மணி. அத தராசுல வெச்சு எடை போடறது." விரலால் காற்றில் அந்தக் கடுகை வைத்துக் காட்டினார். கை நடுங்கவில்லை.

கீழே எப்படி இருந்தது என்பதை அவர் அதிகம் சொல்லவில்லை. வேலை மேலே, உலையடியில். ஆனால் அண்ணனும் தகப்பனாரும் கீழே இறங்கியவர்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே பாறையின் சூடு 65 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து குளிர்ந்த காற்றை அனுப்பினால்தான் மனிதன் நிற்கலாம். அதைவிடப் பெரிய பயம் பாறை வெடிப்பு. அவ்வளவு ஆழத்தில் மேலேயிருக்கும் மலையின் பாரமெல்லாம் தோண்டிய இடத்தின் சுவரில் இறங்கும். ஒரு கட்டத்தில் பாறை தாங்காமல் குண்டுபோல் சிதறும். ஏர் பிளாஸ்ட் என்று அப்போது சொன்னார்கள். மேலே ஊரில் அடுக்குப் பானை ஆடும். ஆடினால் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், யார் வீட்டு ஆள் மேலே வருகிறான், யார் வரவில்லை என்று பார்க்க.

வெடிக்குத் தப்பியவனைத் தூசி பிடித்தது. குவார்ட்ஸைத் துளைத்தால் கிளம்பும் சிலிக்காத் தூள் நுரையீரலில் போய் ஒட்டினால் திரும்பி வராது. சிலிகோசிஸ் என்ற நோய் இந்தியாவில் முதலில் பதிவானது இங்கேதான். 1940களில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. கோலார் தாத்தா ஊருக்குத் திரும்பி ஐந்து வருஷம் திண்ணையில் இருமிக்கொண்டே இருந்தார் என்று அப்பா சொல்வார். ஊரில் அதைக் காசம் என்றார்கள். அவர் சாப்பிட்ட தட்டைத் தனியாக வைத்தார்கள். அது தொற்றாத நோய் என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்தப் பயணம் தேவைப்பட்டது.

இருமல் மட்டுந்தான் இந்த ஊர் கொடுத்தது என்று எழுதினால் நன்றி கெட்டவன் ஆவேன். கீழே இறங்கியவன் மேலே வந்தபோது கூலி அவன் கையில் இருந்தது, பண்ணையார் கையில் இல்லை. அந்த வித்தியாசம் பெரிது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907ல் சென்னையில் அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, அவர் 1914ல் மறைந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, 1926ல் இந்தத் தங்கவயலிலிருந்துதான் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் மறுபடி வந்தது. சாம்பியன் ரீஃப்ஸ் சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. 1930ல் தொழிலாளிகளின் கைரேகையைப் பதியவேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாங்கள் என்ன குற்றவாளிகளா என்று கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 1954ல் அம்பேத்கர் இங்கே வந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரிகளில் படிப்பும் பத்திரிகையும் நுழைந்த வழிகளில் ஒன்று இந்த ரயில் பாதை. அதைத் தங்கக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசுக்குப் போனது. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற பெயர். 1965ல் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்துக் காற்றுமண்டலத்து நியூட்ரினோக்களைப் பிடித்தார்கள். உலகில் முதலில் பிடிபட்ட இடங்களில் இது ஒன்று. தங்கம் குறைந்துகொண்டே போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி கடைசி ஷிஃப்ட். பம்புகளை நிறுத்தினார்கள், கீழே தண்ணீர் ஏறியது. இப்போது மூன்று கிலோமீட்டர் சுரங்கமும் கிணறு.

திரும்பும் வழியில் சைனைடு மேட்டோரமாக நின்றோம். கை வைத்துப் பார்த்தேன். மைதா மாவு மாதிரி நெகிழ்ந்தது, விரல் ரேகையில் ஏறி உட்கார்ந்தது. அரைத்த கல்மாவை முதலில் பாதரசத்தில் பிடித்துத் தங்கம் எடுப்பார்கள். பிடிபடாததைச் சோடியம் சயனைடு கரைத்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். தங்கம் அதில் கரைந்துவிடும். பிறகு துத்தநாகத் தூள் போட்டால் தங்கம் மறுபடி வெளியே வந்து படியும். மிச்ச மாவு இங்கே கொட்டப்பட்டது. நூற்றிருபது வருஷத்து மாவு. இப்படி 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். மழைக்காலத்தில் கரைந்து ஓடைக்குப் போகிறது, ஆடியில் பறந்து சோற்றில் விழுகிறது. இந்தியாவுக்கு டங்ஸ்டன் தட்டுப்பாடு வந்தபோது இதே மேட்டிலிருந்து ஷீலைட் என்ற கனிமத்தைப் பிரித்து எடுத்தார்கள். அசே ஆபீஸில் விளக்கை அணைத்துவிட்டுப் புறஊதா விளக்கைக் காட்டினால் ஷீலைட் மட்டும் நீல வெள்ளையாக எரியும் என்றார் பெரியவர். "அது ஒண்ணுதான் இங்க தானா மின்னும். தங்கம் மின்னவே மின்னாது."

மேட்டு மாவில் டன்னுக்கு 0.7 கிராம் தங்கம் இன்னும் இருக்கிறது. பவுன் கணக்கில், ஒரு பவுனுக்குப் பதினோரு டன், ஒரு டிப்பர் லோடு. மொத்தம் கூட்டினால் 23 டன் வரும். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இந்த 13 மேடுகளையும், சுமார் ஆயிரம் ஏக்கர், மறுபடி தோண்ட ஒப்புதல் கொடுத்தது. தோண்டினால் வேலை வரும் என்று பாதித் தெரு சொல்கிறது. தோண்டினால் தூசி இன்னும் பறக்கும் என்று மீதித் தெரு. என்னைக் கேட்டால், முதலில் மேட்டுக்கு மேல் புல்லும் மரமும் பிடிக்க வைக்கட்டும், தங்கம் எங்கேயும் ஓடிவிடாது. என்னை யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியவரே கேட்டார். "எங்க, கல்லக் காட்டுங்க."

கொடுத்தேன். தாழ்வாரத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தார். என் ஸ்பீக்கர் காந்தத்தை வாங்கி, அதில் நூல் கட்டி, மஞ்சள் புள்ளிக்கு எதிரே தொங்கவிட்டார். காந்தம் லேசாகச் சாய்ந்தது, கவுத்தி மலைக் கல்லைப்போலத் தாவி ஒட்டவில்லை. "பைரோடைட். இரும்பும் கந்தகமும்." பிறகு உள்ளே போய் ஒரு சின்னச் சுத்தியல் எடுத்துவந்து, வெள்ளிப் புள்ளி இருந்த விளிம்பில் சுருக்கென்று ஒரு தட்டு. உடைந்த இடத்தை என் மூக்கருகே நீட்டினார். பூண்டு வாசனை. சந்தேகமே இல்லை, ரசம் வைக்கப் பூண்டு தட்டினால் வருமே அதே வாசனை.

"ஆர்செனிக். ஆர்செனோபைரைட்னு பேரு. இது மேற்குப் பக்கத்து லோடு கல்லு தம்பி. அங்கதான் இந்தக் கந்தகச் சரக்கெல்லாம் மினுமினுன்னு இருக்கும், தங்கம் கொறைவு. சாம்பியன் ரீஃப் கல்லு அழுக்கு நீலமா இருக்கும், பாத்தா ரோட்டுக்குப் போடற ஜல்லின்னு நெனப்பீங்க. அதுலதான் சரக்கு."

கொஞ்சமும் தங்கம் இருக்காதா என்று கேட்டேன். மூன்று தலைமுறைக்காக ஒரு தடவை கேட்டுவைத்தேன்.

அவர் சிரித்தார். "நல்ல கல்லா இருந்தா அது எப்பிடித் தம்பி உங்க வீட்டுக்கு வந்திருக்கும்? ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவன வேட்டிய உதறச் சொல்லி, வாயத் தொறக்கச் சொல்லிப் பாத்துதான் வெளிய விடுவாங்க. இத எடுத்துக்கிட்டுப் போன்னு உட்டாங்கன்னா, அதுல ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்."

கல்லைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "சமையல்கட்டுப் பக்கம் வெக்காதீங்க, கொழந்தைங்க தொட்டா கை கழுவச் சொல்லுங்க" என்றார். மறுநாள் விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் என்னை ஏற்றிவிட்டார். ஊருக்குத் திரும்ப நான் பங்காருப்பேட்டையில் இறங்கி மாறவேண்டும். பெட்டிக்குள் நிற்க இடமில்லை. சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாக எல்லாரும் இளைஞர்கள், பெங்களூர் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகிறவர்கள். தினமும் போய் ராத்திரி திரும்புகிறவர்கள்.

கல்லை வீட்டுக் கதவிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது கழனியில் மோட்டார் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது. பாட்டிக்கு விஷயத்தைச் சொல்லவில்லை.